சித்தி வீட்டில் பதினொரு சாளரங்கள்

ஞாயிற்றுக்கிழமை கிள்ளான் மண்டபத்தில் மணமகள் கழுத்தில் தாலி ஏறும். அதே மேடைக்குப் பக்கத்தில் குமுதாவின் இரண்டாண்டு உழைப்பு ஏறுமா இறங்குமா என்பதும் அன்றைக்கே தெரிந்துவிடும். இதைக் கமலநாதன் வெள்ளிக்கிழமை மத்தியானம், பருப்பு வடையின் ஓரத்தைக் கடித்துக்கொண்டே, நாளைக்கு மழை வரலாம் என்பதுபோல் சொன்னார்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு பூமாலைக் கடையின் மேல்மாடியில் இருந்தது அவருடைய நிறுவனம். கீழே மல்லிகை மணக்கும். மேலே சூடேறிய மின்கம்பி மணக்கும். படிக்கட்டின் நடுவில் இரண்டும் கலந்து, யாரோ சாமியை விட்டுவிட்டுச் சுவிட்சுக்கு மாலை போட்டதுபோல் ஒரு வாசம் அடிக்கும். கல்யாண மண்டபங்களுக்குப் பெரிய திரைகள் பொருத்தித் தருவது தொழில். மொத்தம் மூன்று பேர். குமுதா நிரல் எழுதுவாள், மார்க் ஏணியில் ஏறித் திரைகளை மாட்டுவான், கமலநாதன் பேசுவார். மூன்றில் எது கடினமான வேலை என்பதில் அவருக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை.

குமுதா எழுதிய நிரலின் பெயர் 'பந்தி'. கணினியில் எந்தச் சாளரம் எந்தத் திரையில், எந்த மூலையில், எவ்வளவு அகலத்தில் உட்கார வேண்டும் என்று தீர்மானிக்கும் நிரலைத் துறைக்காரர்கள் விண்டோ மேனேஜர் என்பார்கள். அவற்றில் பெரும்பாலானவை, தீபாவளிக்கு முந்தைய நாள் வெளியூர்ப் பேருந்தைப்போல, சாளரங்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சரித்துவிட்டுக் கையைக் கழுவிக்கொள்ளும். பந்தி அப்படிச் செய்யாது. வந்தவருக்கெல்லாம் ஓர் இலை. ஒருவர் இலைமேல் இன்னொருவர் முழங்கை படக்கூடாது. புதிதாக ஒருவர் வந்தால் எல்லாரும் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுக்க வேண்டும். ஒருவர் எழுந்துபோனால் மற்றவர்கள் தாராளமாகக் காலை மடக்கி உட்கார்ந்துகொள்ளலாம்.

இலை போடுவது சுலபம். கூரை பிய்ந்து போகும்போதுதான் சங்கடம். ஒரு திரையின் வாயரைப் பிடுங்கினால் அதில் உட்கார்ந்திருந்த சாளரங்கள் அத்தனையும் நடுத்தெருவுக்கு வந்துவிடும். அவற்றை அழைத்துப்போய் மிச்சமிருக்கும் திரைகளில் இடம்பிடித்து உட்காரவைக்க வேண்டும். பிடுங்கிய வாயரை மறுபடி செருகினால், யார் எங்கே இருந்தார்கள் என்பதை நினைவில் வைத்திருந்து ஒவ்வொருவரையும் அவரவர் இலைக்கே திருப்பி அனுப்ப வேண்டும். சொன்னால் இரண்டு மூச்சில் முடிந்துவிடுகிற இந்தக் காரியம் குமுதாவின் பதினொரு மாதங்களைத் தின்றது. அதிலும் மூன்று வாரம், கமலநாதனின் கணக்கில், வெறும் பித்துக்குளித்தனத்துக்குப் போனது.

அந்த மூன்று வாரத்தின் கேள்வி இதுதான்: எல்லாத் திரைகளையும் ஒரே நேரத்தில் கழற்றிவிட்டால்? ஒரு திரைகூட இல்லாத கணினியில் சாளரங்கள் எங்கே போய் உட்காரும்?

இதற்கான விடை அவளுக்கு ஒரு தைப்பூசத்தின்போது கிடைத்தது. அவளுடைய அப்பாவின் வீடு பத்துமலைக்கு நடந்துபோகிற தூரத்தில் இருந்தது. அந்த ஒரே தகுதியால் ஆண்டுக்கு மூன்று நாள் அது சுங்கை சிப்புட், தெலுக் இந்தான் சொந்தக்காரர்கள் அனைவருக்கும் சத்திரமாகிவிடும். அவர்களுடைய பக்தி முதலில் கூடத்துப் பாயில் தொடங்கிப் பிறகு குமுதாவின் அறைக்குள் நுழைந்து அவளுடைய கட்டிலில் ஏறிப் படுத்துக்கொள்ளும். அவள் தன் பையைத் தூக்கிக்கொண்டு அம்பாங்கில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போய்விடுவாள். சித்தி எதையும் கேட்கமாட்டாள். ஒரு பாய், ஒரு தலையணை, ஒரு தட்டு. ஆனால் வந்தவர் யார், எந்த வீட்டு ஆள், எந்தத் துண்டு யாருடையது என்பதை மட்டும் மறக்கமாட்டாள்; போகும்போது அவரவர் பையில் அவரவர் துண்டை மடித்து வைத்து அனுப்புவாள். கூடத்துப் பாயில் படுத்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்த குமுதாவுக்கு அன்றைக்குப் புரிந்தது: கண்ணுக்குத் தெரியாத ஒரு திரை வேண்டும். மற்றெல்லாத் திரைகளும் போனபின் சாளரங்கள் அங்கே போய்ப் படுத்துக்கொள்ள வேண்டும். நிரலில் அந்தத் திரைக்குச் 'சித்தி வீடு' என்றே பெயர் வைத்தாள்.

கமலநாதனுக்கு இதைச் சொன்னபோது அவர் கேட்டது இதுதான்: "எல்லா ஸ்கிரீனையும் ஒரே நேரத்துல எவம்மா கழட்டுவான்? அவன் மண்டபத்துக்குச் சாப்பிட வந்தவனா, மண்டபத்த இடிக்க வந்தவனா?"

அவர் சிங்கப்பூரிலிருந்து ஓர் ஆயத்த நிரலை வரவழைத்து மேசைமேல் வைத்திருந்தார். பளபளப்பான பெட்டி, உள்ளே நிரலைவிடக் கையேடு பெரிது. குமுதா அதைச் சோதித்துப் பார்த்தாள். ஒரு வாயரைப் பிடுங்கினாள், தாங்கிக்கொண்டது. எல்லா வாயரையும் பிடுங்கினாள். ஒரு கடைசி வார்த்தைகூடச் சொல்லாமல் உயிரை விட்டது. அதைக் கமலநாதனிடம் காட்டியபோது, தெரியாத்தனமாகக் கிணற்றில் விழுந்தவனைக் காட்டினால் பரிதாபப்படலாம், நீ தள்ளிவிட்டுக் காட்டுகிறாயே என்றார். கண்ணால் பார்க்க முடியாத எதையும் அவர் நம்புவதில்லை. காட்ட முடியாததை விற்க முடியாது என்பது அவருடைய வேதாந்தத்தின் முதல் வரியும் கடைசி வரியும்.

ஆகவே வெள்ளிக்கிழமை மத்தியானம் வடையோடு வந்த தீர்ப்பு இப்படி இருந்தது. கிள்ளான் மண்டபக் கமிட்டியின் கையில் மூன்று மண்டபங்கள். ஞாயிற்றுக்கிழமைத் திருமணத்தில் திரைகள் ஒழுங்காக ஓடினால் மூன்றுக்கும் கையெழுத்து, பந்தி பிழைக்கும். ஏதாவது கோளாறு என்றால் சிங்கப்பூர் நிரலை ஏற்றிவிடுவார். பந்தியைக் குப்பைக்கு அனுப்பிவிட்டு, குமுதாவை மார்க்கின் ஏணியைப் பிடித்துக்கொள்ள அனுப்பிவிடுவார். ஏணியைப் பிடிப்பதும் நல்ல வேலைதான், வெளியே போய்வரலாம் என்று ஆறுதலும் சொன்னார்.

குமுதா தலையை ஆட்டினாள். அவள் அவரிடம் சொல்லாத ஒரு விஷயம் இருந்தது.

எந்தத் திரையைச் செருகினாலும் அது முதலில் தன்னுடைய குறிப்பைக் கணினிக்கு ஒப்பிக்கும். எந்தத் தொழிற்சாலை, எந்த ஆண்டு, எத்தனையாவது வாரத்தில் பிறப்பு, வரிசை எண் என்ன, எந்த அளவுப் படம் பிடிக்கும் என்பதெல்லாம் அதில் இருக்கும். குமுதா அதை ஜாதகம் என்பாள். பந்தி திரைகளை ஜாதகத்தை வைத்துத்தான் அடையாளம் கண்டது. புதன்கிழமை கிள்ளானுக்கு வந்திறங்கிய இரண்டு பெரிய திரைகளையும் செருகி இரண்டு ஜாதகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். தொழிற்சாலைக்காரன் சோம்பேறி. இரண்டுக்கும் ஒரே ஆண்டு, ஒரே வாரம், ஒரே எண். ஒரே நாழிகையில் பிறந்து ஒரே ஜாதகத்தோடு வந்த இரட்டைப் பிள்ளைகள். யார் பெரியவன், யார் சின்னவன் என்று பெற்றவனே சொல்ல முடியாதபோது பந்தி எப்படிச் சொல்லும்? கணினியின் பின்புறம் எந்தத் துளையில் எந்த வாயர் இருக்கிறது என்பதை வைத்துத்தான் இனம் பிரிக்க முடியும். முதல் துளை இடத் திரை. இரண்டாவது துளை வலத் திரை. வாயர் மாறினால் ஆள் மாறிவிடும்.

கிள்ளான் மண்டபத்தில் அது லேசான விஷயம் இல்லை. அங்கே மேடைக்கு இடப்பக்கம் பெண் வீட்டார் உட்காருவார்கள். இடத் திரையில் பெண்ணின் குழந்தைப் பருவம் முதல் நிச்சயதார்த்தம்வரை படங்கள் ஓடும். வலப்பக்கம் மாப்பிள்ளை வீட்டார். வலத் திரையில் அவர்கள் வீட்டு மகாத்மியம். எந்தப் பக்கத்தில் படம் அதிகம், எந்தப் பக்கத்தில் பட்டமளிப்பு உடை அதிகம் என்று எண்ணிப் பார்ப்பதற்கென்றே சில பேர் வருவார்கள்.

குமுதா இதை மார்க்கிடம் மட்டும் சொன்னாள். மார்க் கிள்ளான்காரன், ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிப் பூசையை முடித்துவிட்டு இந்துக் கல்யாணத்துக்கு வாயர் இழுக்க வருகிறவன். "கேபிள் டை போட்டு இறுக்கி வெச்சிருக்கேன். பல்லால கடிச்சாத்தான் வரும். நீ பயப்படாத லா" என்றான். சனிக்கிழமை காலை திரைகளையும் மாட்டி, வாயர்களையும் செருகி, ஏணியின் உச்சியில் நின்று ஒரு படம் எடுத்து மண்டபத்து வாட்சப் குழுவில் போட்டான். அந்தப் படம்தான் பிறகு எல்லாவற்றையும் கெடுத்தது.

ஞாயிறு காலை மணப்பெண் உஷாராணியின் உறவினர்களுக்கு முன்பே குமுதா மண்டபத்துக்கு வந்துவிட்டாள். மேடையிலிருந்து சற்றுத் தள்ளித் திரைகளை இயக்கும் மேசை. அதில் ஒரு சிறிய மானிட்டர். கீழே கணினிப் பெட்டி. மானிட்டரின் பிளக் வேறு வடிவம். பெரிய திரைகளின் பிளக்குகள் ஒரே வடிவம். பந்தியை எழுப்பினாள். உஷாராணியின் படங்கள், அவள் குடும்பத்துப் பெயர்ப் பலகை, மாப்பிள்ளை சுகுமாறனின் படங்கள், அவன் குடும்பத்துப் பெயர்ப் பலகை, இரண்டு கேமராக்கள், பாட்டுப் பட்டியல், கடிகாரம், இன்னும் மூன்று என்று பதினொரு சாளரங்களும் குளித்துத் திருநீறு பூசிய பிள்ளைகள்போல் அவரவர் இலையில் உட்கார்ந்தன. ஒன்பதேகால்வரை ஒரு குறையும் இல்லை. கீழ்த்தளத்தில் தோசை ஆறுவதாக மார்க் வந்து சொன்னான். முகூர்த்தம் பத்தரைக்குத்தான், போனாள்.

மூன்றாவது தோசையின் நடுவில் கமலநாதனிடமிருந்து செய்தி வந்தது. எல்லாம் கருப்பு, என்றிருந்தது.

கையைக் கழுவாமலே குமுதா படியேறி ஓடினாள். பின்னால் மார்க் சட்னிக் கிண்ணத்தோடு ஓடிவந்தான். மண்டபத்தில் ஐந்நூறு பேர் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். இடத் திரை கருப்பு. வலத் திரை கருப்பு. மேசைமேல் மானிட்டரும் கருப்பு. மேசைக்கு அடியில், பட்டு வேட்டியைத் தொடைவரை சுருட்டிக்கொண்டு, கமிட்டித் தலைவர் ரெங்கசாமி குந்தியிருந்தார். பக்கத்தில் ஒரு தாம்பாளம். அதில் எலுமிச்சை, மஞ்சள், குங்குமம், கற்பூரம், பழம் நறுக்கும் கத்தி. அறுந்த கேபிள் டைகள் தரையில் கிடந்தன. அவர் இடது கையில் மூன்று வாயர்களையும் கோழியைக் காலில் பிடித்ததுபோல் பிடித்திருந்தார்.

"அங்கிள், என்ன பண்றீங்க?"

"பதறாதம்மா. தோஷம் கழிக்கிறேன்."

அவர் விளக்கியதன் சாரம் இது. இரவு முழுக்க அவருக்குத் தூக்கம் இல்லை. வாட்சப்பில் வந்த படத்தின் கீழே நேரம் போட்டிருந்தது: சனிக்கிழமை, ஒன்பது ஐம்பத்திரண்டு. சனிக்கிழமை ஒன்பதிலிருந்து பத்தரைவரை ராகு காலம். ராகு காலத்தில் செருகிய வாயரிலிருந்து வருகிற வெளிச்சம் மணமக்கள்மேல் விழுந்தால் அதற்கு அவரல்லவா பதில் சொல்ல வேண்டும்? பரிகாரம் எளிது. மூன்றையும் பிடுங்கிவிட்டு, எலுமிச்சையை அறுத்து, நல்ல நேரத்தில் பெரியவர் ஒருவர் கையால் புதிதாகச் செருகிவிட வேண்டும். பெரியவர் என்று யாரைச் சொல்கிறார் என்பதை அவர் விளக்கவில்லை.

மார்க் சட்னிக் கிண்ணத்தைக் கீழே வைத்தான். அவனுடைய தொழில் மானம் குத்துப்பட்டுவிட்டது. "அங்கிள், நான் கணக்குப் பண்ணித்தான் மாட்டினேன். கேலண்டர்ல ஒம்பது மணின்னு போட்டிருக்கறது ஆறு மணிக்கு சூரியன் எழும்புற ஊருக்கு. நம்ம ஊருல ஏழேகாலுக்குத்தான் எழும்புது. அப்படின்னா ராகு பத்தேகாலுக்குத்தான் டூட்டிக்கு வரும். ஒம்பது அம்பத்திரண்டு கிளீன் டைம் அங்கிள்."

ரெங்கசாமி அவனுடைய கழுத்தில் தொங்கிய சிறிய சிலுவையைப் பார்த்தார். "கிறிஸ்டியன் பையன் எனக்கு ராகு காலம் சொல்லிக்குடுக்குறான். நல்லாருக்குடா உலகம்."

அவன் சொன்னதில் தவறு இருப்பதாக அவர் சொல்லவில்லை. அதைச் சொன்ன வாயைப்பற்றி மட்டும் சொன்னார். வாயர்களைத் தன்னிடம் கொடுக்கும்படி குமுதா கேட்டாள். நல்ல நேரம் ஒன்பதே முக்காலுக்குத்தான் தொடங்குகிறது, இன்னும் ஆறு நிமிடம் இருக்கிறது என்றார் அவர். வாயர்களைப் பிடித்தபடி மறுகையால் கைக்கடிகாரத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துக்கொண்டார்.

குமுதாவின் வாழ்க்கையில் அவ்வளவு நீளமான ஆறு நிமிடம் வந்ததில்லை. கணினிப் பெட்டியில் பச்சை விளக்கு மட்டும் எரிந்தது. பெட்டிக்கு உயிர் இருக்கிறது. பந்திக்கு இருக்கிறதா என்று தெரிய ஒரு திரையாவது வேண்டும். திரைகளின் வாயர்களோ அவர் கையில் கோழிகளாகத் தொங்கிக்கொண்டிருந்தன. எல்லா ஸ்கிரீனையும் ஒரே நேரத்தில் எவன் கழட்டுவான் என்று கேட்ட மனிதர் மேடையோரத்தில் நின்று, மாப்பிள்ளையின் மாமாவிடம், இதெல்லாம் திட்டமிட்ட இடைவேளை என்று சிரித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். கையில் தொலைபேசி, கண்ணில் சிங்கப்பூர். பதினொரு சாளரங்களும் சித்தி வீட்டுக் கூடத்தில் வரிசையாகப் பாய்போட்டுப் படுத்திருக்கும் காட்சியை அவள் மனத்துக்குள் கட்டாயப்படுத்தி வரைந்து பார்த்தாள். ஒரு சாளரம் பாயைவிட்டு உருண்டு போயிருந்தால்? நாதஸ்வரக்காரர் மூச்சு வாங்க நிறுத்தினார். யாரோ குழந்தையை அடித்தார்கள்.

ஒன்பதே முக்கால். ரெங்கசாமி கற்பூரத்தைக் கணினிக்கு மூன்று முறை சுற்றிக் காட்டினார். வலத் திரையின் பிளக்குக்குக் குங்குமமும் இடத் திரையின் பிளக்குக்கு மஞ்சளும் வைத்தார். பிறகு பெட்டியின் பின்பக்கம் சரிந்தார். அவருடைய முதுகு இரண்டு மாநிலங்களுக்கு நடுவில் மலைத்தொடர்போல் கிடந்து எல்லாவற்றையும் மறைத்தது. மங்களகரமான காரியத்தை வலப்பக்கத்திலிருந்துதான் தொடங்க வேண்டும். ஆகவே முதலில் வலத் திரையின் வாயர். முதல் வாயரை முதல் துளையில்தான் செருக வேண்டும். அதற்கு எந்தப் பஞ்சாங்கமும் தேவையில்லை. செருகினார். அடுத்து இடத் திரை, அடுத்த துளை. கடைசியாக மானிட்டர்.

மானிட்டர் விழித்தது. குமுதா எண்ணினாள். பாட்டுப் பட்டியல், கடிகாரம், கேமரா ஒன்று, கேமரா இரண்டு. எல்லாம் உயிரோடு, விட்ட நொடியிலிருந்து ஓடிக்கொண்டிருந்தன. அவளுக்கு நெஞ்சு நிறைந்து அழுகைகூட வந்தது. அந்த நிறைவு சரியாக இரண்டு விநாடி நீடித்தது. பிறகு அவள் தலையைத் தூக்கிப் பெரிய திரைகளைப் பார்த்தாள்.

வலத் திரையில், மாப்பிள்ளை வீட்டார் முன்னிலையில், ஒரு வயது உஷாராணி துணியின் தொல்லையே இல்லாமல் குப்புறப் படுத்துத் தலைதூக்கிச் சிரித்தாள். இடத் திரையில், அதே கோலத்தில், அதே சிரிப்போடு, சுகுமாறன்.

பன்னிரண்டு நிமிடம் யாரும் கண்டுபிடிக்கவில்லை. இது மண்டபத்தின் கவனக்குறைவு மட்டுமில்லை. முகத்தில் பவுடர், கன்னத்தில் உளுந்து வடை அளவுக்கு மைப்பொட்டு, கையில் கறுப்பு வளையல், கீழே ஸ்டுடியோக்காரனின் ரோமக் கம்பளம் என்ற நிலையில் நம் வீட்டுக் குழந்தைகள் அனைவருக்கும் ஒரே ஜாதகம்தான். பெயர்ப் பலகைகளும் இடம் மாறித்தான் இருந்தன. ஆனால் தங்கள் குடும்பத்துப் பெயர் தங்களுக்குத் தெரியும் என்பதால் யாரும் அதைப் படிக்கவில்லை. கடைசியில் மாப்பிள்ளையின் அத்தை வீரம்மா எழுந்து நின்றாள். முன்வரிசைக்கே கேட்கும்படி, "இது நம்ம பையன் இல்ல. நம்ம பையனுக்கு அந்த வயசுல முடியே கெடையாது" என்றாள். அடுத்த படத்தில் நம்ம பையன் பாவாடை சட்டையில் பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் ஆடினான். வரிசை வரிசையாகத் தலைகள் திரும்பின. பெண் வீட்டுப் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. மாப்பிள்ளை வீட்டுப் பக்கத்தில் அதே நேரத்தில் ஒரு மௌனம் கிளம்பியது. இரண்டும் நடுப்பாதையில் சந்தித்தால் நல்லதுக்கில்லை.

கமலநாதன் தொலைபேசியைக் காதில் வைத்தார்.

குமுதாவுக்கு இரண்டு விசையை அழுத்தினால் போதும், படங்கள் இடம் மாறிவிடும். ஆனால் ஐந்நூறு பேர் பார்த்தபின் சத்தமில்லாமல் திருத்துவது, கோளாறு என்று ஒலிபெருக்கியில் அறிவிப்பதற்குச் சமம். கோளாறு என்றால் ஏணி. புதன்கிழமையே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். இப்போதாவது சொல்லிவிடுவோம் என்று அவள் ரெங்கசாமியின் பக்கத்தில் போய்க் குனிந்தாள்.

"அங்கிள், ரெண்டு வாயரும் துளை மாறிப்போச்சு. ரெண்டு ஸ்கிரீனும் இரட்டப் புள்ளைங்க மாதிரி. என் புரோகிராமுக்கு வித்தியாசம் தெரியல. அது என் தப்புதான். ஆனா மாத்திச் செருகுனது நீங்க."

ரெங்கசாமி திரைகளைப் பார்த்தார். வீரம்மாவைப் பார்த்தார். மார்க்கைப் பார்த்தார், மார்க் வேண்டுமென்றே கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். நல்ல நேரத்தில், குங்குமம் வைத்து, வலது கையால் தாம் செருகியது தவறாகப் போயிற்று என்று ஒப்புக்கொண்டால், கிள்ளான் ஆற்றுக்கு இக்கரையில் பிறகு எவன் அவரிடம் நாள் குறிக்க வருவான்? குமுதாவின் நிரலைக் காப்பாற்றும் எண்ணம் அவருக்குக் கடுகளவும் இல்லை. அவருக்கு ராகுவைத் தோற்கடிக்க வேண்டியிருந்தது. மேடைக்கு நடந்துபோய் ஒலிவாங்கியை வாங்கினார்.

"சபையோருக்கு வணக்கம். யாரும் குழம்ப வேண்டாம். பொண்ணு படம் மாப்பிள்ளை பக்கம் ஓடுது, மாப்பிள்ளை படம் பொண்ணு பக்கம் ஓடுது. வேணும்னுதான் வெச்சிருக்கோம். எப்பப் பாத்தாலும் நம்ம புள்ளையவே பாத்துக்கிட்டு இருந்தா, வரப்போற புள்ளைய எப்பப் பாக்குறது? கெட்டிமேளம் கொட்டுறப்ப தானா அதது எடத்துக்குப் போயிரும். இது நம்ம மண்டபத்துல மட்டும்தான்."

மண்டபம் யோசித்தது. முதலில் பெண்ணின் தாய்மாமன் கைதட்டினார்; அவர் எதற்கும் தட்டுபவர். பிறகு எல்லாரும் தட்டினார்கள். வீரம்மா மெல்ல உட்கார்ந்து, முதல்தடவையாக உஷாராணியின் பள்ளிப் படங்களைக் கூர்ந்து பார்க்கத் தொடங்கினாள். குறை கண்டுபிடிக்கத்தான், ஆனாலும் பார்த்தாள்.

"தானா போயிரும்னாரே," என்றாள் குமுதா.

"தானான்னா நீதான்," என்றான் மார்க்.

முகூர்த்தம் நெருங்கியபோது எல்லாரும் தொலைபேசியைத் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றார்கள். குமுதாவுக்கு மேடை தெரியவில்லை; முதுகுகளும் கொண்டைகளும்தான் தெரிந்தன. மானிட்டரில் கேமராப் படம் ஓடியது, ஆனால் அது ஒரு விநாடி பிந்தி வரும்; அதை நம்பி அழுத்தினால் தாலிக்குப் பின்னால் படம் நொண்டிக்கொண்டு போகும். கண்ணை மூடிக்கொண்டு காதை மட்டும் திறந்து வைத்தாள். ஐயரின் விரல் உயர்ந்ததை அவள் பார்க்கவில்லை. மேளக்காரர் மூச்சை இழுத்ததைக் கேட்டாள். முதல் அடி விழுந்த அதே கணத்தில் இரண்டு விசைகளையும் அழுத்தினாள். உஷாராணி வலமிருந்து இடமும், சுகுமாறன் இடமிருந்து வலமும் வழுக்கிப்போய் அவரவர் இலையில் உட்கார்ந்தார்கள். ஐந்நூறு பேர் ஆவென்றார்கள். அட்சதையில் பாதி மணமக்கள்மேலும் பாதி திரைகள்மேலும் விழுந்தது. வீரம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

இரண்டாம் பந்தி முடிவதற்குள் மூன்று மண்டபங்களுக்கும் கையெழுத்து ஆகிவிட்டது. ரெங்கசாமியின் நிபந்தனை ஒன்றுதான்: ஒவ்வொரு திருமணத்திலும் இந்த இடமாற்றம் இருக்க வேண்டும். கமலநாதன் இலைக்கு இலை நின்று, இந்த யோசனை தனக்குப் போன தைப்பூசத்திலேயே வந்தது என்று சொல்லிக்கொண்டே போனார். பாயசத்தின்போது குமுதா அவரைப் பிடித்து உட்காரவைத்து ஒரே ஜாதகத்தின் கதையை முழுதாகச் சொன்னாள். அது தவறுதலாக நடந்தது, புதன்கிழமையே தனக்குத் தெரியும், மறைத்துவிட்டேன் என்றாள்.

"தவறுன்னு எவன்கிட்டயும் சொல்லாத," என்றார் அவர், அப்பளத்தை நொறுக்கியபடி. "இனிமே அதுக்குப் பேரு சம்பந்தி மோட்."

திங்கட்கிழமை குமுதா சம்பந்தி மோடை எழுதினாள். எது நடக்கக்கூடாது என்பதற்காக இரண்டு ஆண்டு உழைத்தாளோ, அதை நடத்திவைக்கப் பத்தொன்பது வரிகள் போதுமாயிருந்தன. இரட்டைத் திரைகளின் சிக்கலுக்கு நிரலில் தீர்வு இல்லை, கிள்ளானில் இருந்தது. ரெங்கசாமி வைத்த குங்குமமும் மஞ்சளும் பிளக்குகளில் அப்பிக்கொண்டு துடைத்தாலும் போகவில்லை. ஆகவே பொருத்தும் முறையின் நான்காவது விதியாக, வலத் திரையின் பிளக்குக்கும் அதன் துளைக்கும் குங்குமம், இடத் திரைக்கு மஞ்சள் என்று தட்டச்சு செய்தாள். அன்றிலிருந்து மார்க்கின் கருவிப் பையில் ஸ்குரூடிரைவருக்குப் பக்கத்தில் ஒரு குங்குமச் சிமிழ் இருக்கிறது.

எல்லாம் முடிந்தபின் பந்தியின் பதிவேட்டைத் திறந்து ஞாயிற்றுக்கிழமைக்குப் போனாள். இரண்டே வரி.

9.37: திரைகள் 0. சாளரங்கள் 11. இருப்பிடம்: சித்தி வீடு.

9.46: திரைகள் 3. திரும்பிய சாளரங்கள் 11. தொலைந்தவை 0.

அதை அச்செடுத்து, கமலநாதனின் மேசைக்குப் போய், இன்னும் பிரிக்காத சிங்கப்பூர்க் கையேட்டின்மேல் வைத்தாள். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். வடையைக் கீழே வைத்துவிட்டு மறுபடி முன்பக்கத்தைப் படித்தார்.

"இதுல என்னாம்மா இருக்கு? ஒண்ணுமே நடக்கலையே."

"ஆமா பாஸ்," என்றாள் குமுதா. இரண்டு வருடத்தில் அவர் அவளுடைய வேலையைச் சரியாகப் படித்தது அதுதான் முதல் தடவை.